சையத் அப்துல் ரஹீம்

சையத் அப்துல் ரஹீம் (ஆகஸ்ட் 17, 1909 - ஜூன் 11, 1963) இந்தியக் கால்பந்து அணியின் பயிற்சியாளராகவும் ஐதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்சியாளராகவும் விளங்கியவர். தொழிலால் பள்ளி ஆசிரியர். ஐதராபாத்தில் இவரை ரஹீம் சாகிப் என்றே அனைவரும் அழைத்தனர். இவருடைய பயிற்சியில் இந்திய அணி 1951 ஆம் ஆண்டிலும் 1962 ஆம் ஆண்டிலும் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கப்பதக்கம் வென்றது. 1956 ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அரையிறுதி வரை முன்னேறியது. ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய நாடு இந்தியாவே. இவர் உருவாக்கிய காவல்துறை அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ரோவர்ஸ் கோப்பையை வென்றது.

இளமையும் கல்வியும்

ரஹீம் நிஜாமின் ஆட்சிக்குட்பட்டிருந்த ஐதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் கலைப்பிரிவில் பட்டம் பெற்றார். மாணவராக இருந்தபோது பல்கலைக்கழகக் கால்பந்து அணிக்காக ஆடினார். பின்னர் ஐதராபாத்தின் உள்ளூர்ப் போட்டிகளில் வலிமை வாய்ந்த அணியாகக் கருதப்பட்ட கமர் கழகத்திலும் ஆடினார். ஆட்டக்காரர் என்ற முறையில் இவர் பெரும் புகழ் ஈட்டியவர் அல்லர். இவருடைய பெயர் நிலைத்தது ஆடுகளத்துக்கு வெளியே நின்று செய்த பணியினால்தான்.

படிப்பு முடிந்தபின் ஆசிரியப் பணியில் சேர்ந்தார். காச்சிகுடா நடுநிலைப்பள்ளி, தாருல் உலூம் உயர்நிலைப்பள்ளி, சாதர்காட் உயர்நிலைப்பள்ளி முதலிய பள்ளிகளில் பணியாற்றினார். இடையில் உடற்கல்வியில் பட்டயப் படிப்பை முடித்து, பள்ளி விளையாட்டுகளின் பொறுப்பையும் ஏற்றார். பிற்காலத்தில் நாட்டு அணிக்குப் பயிற்சியளித்தபோதும் இவருடைய முறைகளில் பள்ளி ஆசிரியரின் சாயல் இருந்தது. கற்பிக்க வேண்டியதைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதி கைவந்த பின்னரே அடுத்ததற்குச் செல்வது இவரது வழக்கம்.

1943 ஆம் ஆண்டில் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இறக்கும் வரை அப்பொறுப்பில் இருந்தார். உள்ளூர்ப் போட்டிகளை ஒழுங்குபடுத்துவது, நடுவர்களை உருவாக்குவது, பள்ளி அணிகளைப் போட்டிகளுக்குள் கொண்டுவருவது ஆகியன இக்காலத்தில் இவர் மேற்கொண்ட பணிகள். பின்னர் ஐதராபாத்திலிருந்து அலை அலையாக வீரர்கள் கிளம்பியதற்கு இந்த அடித்தளமே காரணம் எனலாம்.

சிறுவர்களுக்கான போட்டிகள்

ரஹீமின் பணிகளில் அதிகம் அறியப்படாதது, எனினும் மிக முக்கியமானது, இவர் சிறுவர்களுக்காக நடத்திய வழக்கத்துக்கு மாறான போட்டிகளாகும். ஒரு போட்டியில் வலது காற்பழக்கம் உள்ளவர்கள் இடது காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும். இடது காற்பழக்கம் உள்ளவர்கள் வலது காலை மட்டுமே பயன்படுத்த வேண்டும். மற்றொரு போட்டியில் பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு எதிரிகளைக் கடந்து ஓடுவது தடை செய்யப்பட்டிருந்தது. பந்து வந்தவுடன் அதைக் கூட்டாளிக்கு அனுப்பிவிட வேண்டும். உயர வரம்பு வைத்துக் குள்ளமான சிறுவர்களுக்கென்றே நடத்தப்பட்ட போட்டிகளும் இருந்தன.

அக்காலத்தில் இந்தியாவில் பந்தைத் தனியாகக் கொண்டு சென்று நான்கு பேரை ஏமாற்றுபவரே சிறந்த ஆட்டக்காரர் என்று பார்வையாளர்கள் கருதினர். கல்கத்தாவின் மைதானங்களில் அத்தகையோருக்கே கைதட்டல் கிடைத்தது. ரஹீம் இதற்கு நேர்மாறான ஆட்டத்தை விரும்பினார். ஓடுவதற்கு மனிதனைவிடப் பந்துக்கே விரைவு அதிகம் என்பதும், பந்து இல்லாத வீரர் எங்கே நிற்கிறார் என்பதே ஆட்டத்தைத் தீர்மானிக்கிறது என்பதும் இவருடைய கொள்கையின் அடிப்படை. ஐதராபாத் வீரர்கள் குறுகிய தொலைவில் தரையோடு தரையாகப் பந்தைப் பரிமாறிக்கொள்வதில் பெயர் பெற்றதற்கு இத்தகைய பயிற்சியே காரணம்.

ஐதராபாத் நகரக் காவல்துறை அணி

ஐதராபாத் நகரக் காவல்துறை அணி 1950க்கு முன்பே ஓரளவு அறியப்பட்டிருந்தது. 1943 ஆம் ஆண்டில் பெங்களூரில் நடந்த ஆஷ் தங்கக் கோப்பைப் போட்டியில் அரச வான்படை அணியை வென்றதிலிருந்தே தென்னிந்தியாவில் இவ்வணிக்கு மதிப்பு ஏற்பட்டது. 1948 செப்டம்பரில் ஐதராபாத் இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. அதையொட்டி நிர்வாகம் முழுவதும் மாறியபோதும் காவல்துறையின் கால்பந்து அணி கலையாமல் நின்றது. 1950 இல் ரஹீம் அதன் பயிற்சியாளரானார். இவர் காவலர் அல்லர். ஆசிரியராக இருந்துகொண்டே காவலர்களுக்குப் பந்தாடக் கற்பித்தார்.

அணியின் ஆட்டக்காரர்கள் காவல்துறையில் வேலை பெற்றவர்கள். அக்கால இந்தியக் கால்பந்தில் வீரர்களுக்கு ஊதியம் தருவது அதிகாரப்பூர்வமாக இல்லை. நிலையான அரசு வேலை என்பது ஏழைக் குடும்பத்து இளைஞருக்குப் பெரிய ஈர்ப்பு. அந்த வேலை, மாலை வேளையில் மைதானம், ரஹீமின் பயிற்சி ஆகிய மூன்றும் சேர்ந்து, பணபலம் மிக்க கல்கத்தாக் கழகங்களுக்கு ஈடுகொடுக்கும் அணியை உருவாக்கின. நூர் முகமது, சையத் குவாஜா அஜீசுத்தீன், சையத் குவாஜா மொய்னுத்தீன், ஆன்டனி பேட்ரிக் முதலியோர் இவ்வணியின் புகழ்பெற்ற வீரர்கள்.

பம்பாயில் 1891 முதல் நடைபெற்று வந்த ரோவர்ஸ் கோப்பை, ஆங்கிலேயப் படைப்பிரிவுகளின் ஆதிக்கத்தில் நெடுங்காலம் இருந்த போட்டியாகும். காவல்துறை அணி 1950 இல் அதை முதன்முறையாக வென்றது. அதன்பின் 1951, 1952, 1953, 1954 என்று ஒவ்வோர் ஆண்டும் கோப்பை ஐதராபாத்துக்கே வந்தது. இதற்கு நிகரான தொடர்வெற்றி அப்போட்டியின் வரலாற்றில் வேறில்லை. மீண்டும் 1957 இல் வென்றது. ஆந்திரப் பிரதேச மாநிலம் உருவான பின்னர் அணியின் பெயர் ஆந்திரப் பிரதேசக் காவல்துறை என்று மாறியது. அப்பெயரில் 1960 இலும், கிழக்கு வங்காள அணியுடன் பகிர்ந்துகொண்டு 1962 இலும் கோப்பையைப் பெற்றது.

1888 இல் சிம்லாவில் தொடங்கப்பட்ட டியூரன்ட் கோப்பை ஆசியாவின் மிகப் பழைய கால்பந்துப் போட்டியாகும். விடுதலைக்குப் பின் அது தில்லியில் மீண்டும் நடத்தப்பட்டபோது, 1950 ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் காவல்துறை அணி மோகன் பகானை எதிர்கொண்டது. முதல் ஆட்டம் சமநிலையில் முடிந்ததால் மறு ஆட்டம் நடந்தது. அதில் காவல்துறை அணி வென்றது. பின்னர் 1954, 1957, 1961 ஆம் ஆண்டுகளிலும் இக்கோப்பை அவ்வணிக்குக் கிட்டியது. 1952 இல் இறுதியாட்டத்தில் கிழக்கு வங்காள அணியிடம் தோற்றது.

மாநிலங்களுக்கிடையேயான சந்தோஷ் கோப்பையில் வெற்றி எளிதில் கிட்டவில்லை. 1949, 1950 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஐதராபாத் இறுதியாட்டத்துக்கு வந்து வங்காளத்திடம் தோற்றது. 1956 இலும் 1957 இலும் கோப்பையை வென்று அக்குறையைப் போக்கிக்கொண்டது.

ஒரு பயிற்சியாளர் தம் எண்ணப்படி ஒரு கழகத்தையே வடிவமைத்ததற்கு எடுத்துக்காட்டாக உலகெங்கும் சுட்டப்படுபவர் இங்கிலாந்தின் ஹெர்பர்ட் சாப்மன். அவர் ஹடர்ஸ்ஃபீல்டு அணியை இரு முறை லீக் வெற்றியாளராக்கிவிட்டு, 1925 இல் லண்டனின் ஆர்சனல் கழகத்துக்கு வந்தார். அதுவரை பெரிய வெற்றி எதையும் காணாத ஆர்சனல், அவருடைய காலத்தில் 1930 இல் எஃப்.ஏ. கோப்பையையும், 1931, 1933 ஆம் ஆண்டுகளில் லீக் பட்டத்தையும் வென்றது. 1934 ஜனவரியில் சாப்மன் பதவியில் இருக்கும்போதே இறந்தார். ஆனால் அவர் விட்டுச்சென்ற கழகத்துக்கு அரங்கமும் வருவாயும் நிர்வாகமும் இருந்தன. ஆகவே வெற்றிகள் தொடர்ந்தன. ரஹீமுக்கு அத்தகைய வசதி எதுவும் இல்லை. ஐதராபாத்தின் வெற்றி பெருமளவு ஒரு மனிதரின் உழைப்பைச் சார்ந்திருந்தது. இதன் விளைவு இவர் மறைந்தபின்தான் தெரிந்தது.

வெறுங்கால் ஆட்டமும் எல்சிங்கி ஒலிம்பிக்கும்

1948 ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர்களில் பெரும்பாலோர் காலணி இன்றி ஆடினர். பிரான்சிடம் 2-1 என்ற கணக்கில் தோற்றாலும் நல்ல பெயர் பெற்றனர். ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். அவ்வாட்டத்தில் கிடைத்த இரு பெனால்டி உதைகளையும் இந்தியா வீணாக்கியது.

வெறுங்காலில் ஆடுவதை வறுமையின் அடையாளமாக மட்டும் பார்ப்பது பொருந்தாது. சம்பா அறுவடை முடிந்து தை, மாசி மாதங்களில் காய்ந்து கிடக்கும் தஞ்சை வயல்களில் பந்தாடும் சிறுவரைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். காய்ந்த தரையில் வெறுங்கால் பந்தை உணர்கிறது. விரல்களால் அதைத் திருப்பவும் நிறுத்தவும் இயலுகிறது. இந்திய வீரர்களின் பந்துக் கட்டுப்பாடு இவ்வாறு வளர்ந்ததே. ஆனால் ஈரமான புல்தரையில் கால் வழுக்கும்; காலணி அணிந்த எதிரியுடன் மோதும்போது வெறுங்காலே காயப்படும்.

1951 மார்ச்சில் புதுதில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. சைலேன் மன்னா தலைமையிலான இந்திய அணி இந்தோனேசியாவையும் ஆப்கானிஸ்தானையும் தலா 3-0 என்று வென்று இறுதியாட்டத்துக்கு வந்தது. அதில் சாகு மேவாலால் அடித்த ஒரே கோலால் ஈரானை வென்று தங்கப்பதக்கம் பெற்றது. இது இந்திய அணியின் பயிற்சியாளராக ரஹீம் பெற்ற முதல் பெரும் வெற்றி.

அடுத்த ஆண்டே பெரும் அடி விழுந்தது. 1952 எல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 10-1 என்ற கணக்கில் தோற்றது. இந்தியாவின் ஒரே கோலை அகமது கான் அடித்தார். குளிரிலும் ஈரத்திலும் வெறுங்கால் வீரர்கள் தடுமாறினர். யூகோஸ்லாவியா அப்போட்டியில் வெள்ளிப்பதக்கம் வென்ற வலிமையான அணி என்பது உண்மையே. எனினும் பத்து கோல்கள் என்பது தலைகுனிவாகவே கருதப்பட்டது. இத்தோல்விக்குப் பின் அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு காலணி அணிவதைக் கட்டாயமாக்கியது.

ரஹீம் இத்தோல்வியிலிருந்து வேறொரு பாடத்தையும் எடுத்துக்கொண்டார். இந்திய அணிகள் அப்போது இரு பின்கள வீரர்கள், மூன்று நடுக்கள வீரர்கள், ஐந்து முன்கள வீரர்கள் என்ற பழைய அமைப்பில் ஆடிவந்தன. 1925 இல் ஆஃப்சைடு விதி மாற்றப்பட்டபின் இங்கிலாந்தில் அவ்வமைப்பு கைவிடப்பட்டது. நடுக்கள வீரர் ஒருவரைப் பின்னே இறக்கி மூன்று பின்கள வீரர்களாக நிறுத்தும் முறையைச் சாப்மனின் ஆர்சனல் பரப்பியது. கால் நூற்றாண்டுக்குப் பின்னும் இந்தியாவில் பழைய முறையே நிலவியது. ரஹீம் அதை மாற்ற முற்பட்டார். 1953 இல் வெம்பிளி அரங்கில் அங்கேரி அணி இங்கிலாந்தை 6-3 என்று வென்றபோது, அங்கேரியின் மைய முன்கள வீரர் பின்னே இறங்கி ஆடி எதிரணியைக் குழப்பினார். அம்முறையையும் ரஹீம் ஊன்றிக் கவனித்துத் தம் அணிகளில் கையாண்டார். 1958 உலகக்கோப்பையில் பிரேசில் வழியாகப் புகழ்பெற்ற 4-2-4 அமைப்பை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவரும் இவரே.

வீரர்களைக் கண்டறிதல்

செகந்தராபாத்துக்கு அருகிலுள்ள அம்முகுடாவைச் சேர்ந்த துளசிதாஸ் பலராமனை உள்ளூர் ஆட்டம் ஒன்றில் கண்டு பயிற்சிக்கு அழைத்தவர் ரஹீம். நாள்தோறும் நகரத்துக்கு வந்துசெல்லப் பணம் இல்லை என்று அவ்விளைஞர் தயங்கியபோது, பயணத்துக்கான ஏற்பாட்டைத் தாமே செய்து கொடுத்தார். பலராமன் இருபது வயதளவில் ஒலிம்பிக் வீரரானார். பின்னாளில் சுனி கோஸ்வாமி, பி. கே. பானர்ஜி, பலராமன் ஆகிய மூவரும் இந்தியக் கால்பந்தின் மும்மூர்த்திகள் என்று போற்றப்பட்டனர்.

ஐதராபாத்தில் பிறந்த பீட்டர் தங்கராஜ் நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள மதராஸ் படைப்பிரிவு மையத்தின் அணியில் ஆடியவர். அம்மையத்தின் அணி 1955, 1958 ஆம் ஆண்டுகளில் டியூரன்ட் கோப்பையை வென்றது. தங்கராஜ் முதலில் முன்கள வீரராக ஆடிப் பின்னர் கோல்காப்பாளரானவர். உயரமான இவர் ரஹீமின் அணியில் நம்பிக்கைக்குரிய இடத்தைப் பெற்றார். தமிழ்நாட்டைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜ் 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் இருந்தார்.

மெல்போர்ன் ஒலிம்பிக் 1956

சமர் பானர்ஜி தலைமையில் சென்ற இந்திய அணி, முதல் சுற்றில் அங்கேரி விலகியதால் ஆடாமலே காலிறுதிக்கு முன்னேறியது. டிசம்பர் 1 அன்று நடந்த காலிறுதியில் போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவையே 4-2 என்று வென்றது. பம்பாயைச் சேர்ந்த நெவில் டிசோசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் ஓர் ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் ஆசியர் இவரே. நான்காவது கோலைக் கிட்டு என அழைக்கப்பட்ட ஜே. கிருஷ்ணசாமி அடித்தார்.

அரையிறுதியில் எதிரே நின்றது அதே யூகோஸ்லாவியா. முதல் பாதியில் இரு அணிகளும் கோல் அடிக்கவில்லை. இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் டிசோசா கோல் அடித்து இந்தியாவை முன்னிலைப்படுத்தினார். நான்கு ஆண்டுகளுக்கு முன் பத்து கோல்கள் வாங்கிய நாடு, அதே எதிரியை விஞ்சி ஒலிம்பிக் இறுதியாட்டத்தின் வாயிலில் சில நிமிடங்கள் நின்றது. பின்னர் யூகோஸ்லாவியா அடுத்தடுத்துக் கோல்கள் அடித்து 4-1 என்று வென்றது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3-0 என்று தோற்று இந்தியா நான்காம் இடம் பெற்றது. டிசோசா நான்கு கோல்களுடன் அப்போட்டியில் அதிக கோல் அடித்தவர்களுள் ஒருவரானார்.

அங்கேரி விலகியதால்தான் இந்தியா அரையிறுதிக்கு வந்தது என்று கூறுவோர் உண்டு. ஆஸ்திரேலியாவுடனான வெற்றியையும் யூகோஸ்லாவியாவுடனான ஒரு மணிநேர ஆட்டத்தையும் கருதினால் அது நியாயமான மதிப்பீடன்று.

ரோம் ஒலிம்பிக் 1960

ரோமில் இந்தியா அங்கேரி, பிரான்சு, பெரு ஆகிய நாடுகளுடன் ஒரே பிரிவில் இடம்பெற்றது. பி. கே. பானர்ஜி அணித்தலைவர். அங்கேரியிடம் 2-1 என்றே தோற்றது. பலராமன் இந்தியாவின் கோலை அடித்தார். பிரான்சுடனான ஆட்டத்தில் பானர்ஜியின் கோலால் முன்னிலை பெற்று, இறுதி நேரத்தில் ஒரு கோலை வாங்கி 1-1 என்று சமநிலை கண்டது. பெருவிடம் 3-1 என்று தோற்று வெளியேறியது. பதக்கம் இல்லை என்றாலும், ஐரோப்பிய அணிகளுக்கு இணையாக ஆடிய வகையில் இது ரஹீமின் சிறந்த அணி என்று கருதுவோர் பலர். இதன்பின் இந்தியா ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதி பெறவில்லை.

ஜகார்த்தா 1962

1962 இல் இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் நான்காவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தபோது ரஹீம் நோயாளி. நுரையீரல் புற்றுநோய் இவரை வாட்டிக்கொண்டிருந்தது. நெடுங்காலமாகப் புகைப்பழக்கம் உள்ளவர். உடல்நிலை இடம் கொடாதபோதும் அணியுடன் சென்றார்.

முதல் ஆட்டத்தில் தென்கொரியா 2-0 என்று இந்தியாவை வென்றது. அடுத்த ஆட்டத்தில் தாய்லாந்தை 4-1 என்று வென்றாலும், பின்கள வீரர் ஜர்னைல் சிங்கின் தலையில் காயம் ஏற்பட்டு ஆறு தையல்கள் போடப்பட்டன. பின்னர் ஜப்பானை 2-0 என்று வென்று இந்தியா அரையிறுதிக்கு வந்தது. தங்கராஜ் காய்ச்சலால் படுத்திருந்ததால் பிரத்யுத் பர்மன் கோலைக் காத்தார். திரிலோக் சிங்கும் காலில் அடிபட்டிருந்தார்.

தலையில் தையலுடன் இருப்பவரைப் பின்களத்தில் நிறுத்தினால் உயரமாக வரும் பந்துகளை ஓயாமல் தலையால் முட்ட வேண்டியிருக்கும். அவரை வெளியே உட்கார வைக்கவும் ரஹீமுக்கு மனமில்லை. ஆகவே ஜர்னைல் சிங்கை மைய முன்கள வீரராக இறக்கினார். அரையிறுதியில் தென்வியட்நாமை இந்தியா 3-2 என்று வென்றது. அணித்தலைவர் சுனி கோஸ்வாமி இரண்டு கோல்களும் ஜர்னைல் சிங் ஒரு கோலும் அடித்தனர். பயிற்சியாளர் ஒருவர் அவசரத்தில் எடுத்த முடிவுகளில் இந்தியக் கால்பந்தில் இதைப்போல் பலித்தது வேறில்லை.

இதற்கிடையே ஆடுகளத்துக்கு வெளியே சூழல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. இஸ்ரேல், தைவான் நாடுகளின் வீரர்களை இந்தோனேசியா அனுமதிக்கவில்லை. ஆசிய விளையாட்டுகளைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரும் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் உறுப்பினருமான இந்தியர் குரு தத் சோந்தி இதைக் கண்டித்து, அப்போட்டிகளுக்கு ஆசிய விளையாட்டுகள் என்ற பெயரையே வழங்கக்கூடாது என்று வாதிட்டார். இதனால் இந்தியர் மீது கடும் சினம் எழுந்தது. இறுதியாட்டத்துக்கு முன் ஒரு கூட்டம் இந்தியத் தூதரகத்தைத் தாக்கியது. இந்திய வீரர்கள் வெளியே நடமாடவே அஞ்சினர். தலைப்பாகையால் எளிதில் அடையாளம் காணப்படுவார் என்பதால் ஜர்னைல் சிங்கைப் பேருந்தின் தரையில் அமர வைத்து அழைத்துச் சென்றதாகக் கூறப்படுகிறது.

இறுதியாட்டம் செப்டம்பர் 4, 1962 அன்று செனாயன் அரங்கில் நடந்தது. ஏறத்தாழ ஒரு இலட்சம் பார்வையாளர்கள் கூடியிருந்தனர். இந்திய நாட்டுப்பண் ஒலித்தபோது கூச்சலிட்டனர். அரங்கில் இந்தியாவுக்கு ஆதரவாகக் குரல் கொடுத்தவர்களுள் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்களும் இருந்தனர் என்பது பல வீரர்களின் நினைவுகளில் பதிந்துள்ள செய்தி. ஆட்டத்துக்கு முன்னர் ரஹீம் தம் வீரர்களிடம் தமக்கு ஒரு பரிசு வேண்டும் என்றும், அது தங்கப்பதக்கமாக இருக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டதாக அவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தனர். இவருடைய நோயின் கடுமை வீரர்கள் பலருக்கும் அப்போது முழுமையாகத் தெரியாது.

தங்கராஜ் காய்ச்சலிலிருந்து தேறி மீண்டும் கோலைக் காத்தார். சந்திரசேகரன், அருண் கோஷ், திரிலோக் சிங் ஆகியோர் பின்களத்திலும், பிராங்கோ, பிரசாந்த சின்ஹா ஆகியோர் நடுக்களத்திலும், பி. கே. பானர்ஜி, யூசுப் கான், ஜர்னைல் சிங், சுனி கோஸ்வாமி, பலராமன் ஆகியோர் முன்னணியிலும் ஆடினர். 17 ஆவது நிமிடத்தில் பானர்ஜி முதல் கோலை அடித்தார். மூன்று நிமிடங்களுக்குப் பின் ஜர்னைல் சிங் இரண்டாவது கோலை அடித்தார். தொடக்க ஆட்டத்தில் இந்தியாவை எளிதாக வென்ற தென்கொரியா, 85 ஆவது நிமிடம் வரை கோல் எதையும் காணவில்லை. 2-1 என்று இந்தியா வென்றது. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா பெற்ற இரண்டாவது தங்கம் இது. அதன்பின் இன்னொரு தங்கம் கிட்டவில்லை.

மறைவும் அதன் பின்னரும்

நாடு திரும்பியபின் ரஹீமின் உடல்நிலை விரைவாகச் சீர்குலைந்தது. ஜூன் 11, 1963 அன்று ஐதராபாத்தில் காலமானார். அப்போது இவருக்கு வயது 53.

இவர் தயாரித்த வீரர்கள் இன்னும் சில ஆண்டுகள் ஆடினர். 1964 இல் இஸ்ரேலில் நடந்த ஆசியக் கோப்பையில் ஹாரி ரைட் என்ற ஆங்கிலேயரின் பயிற்சியில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. 1970 பாங்காக் ஆசியப் போட்டிகளில் வெண்கலம் கிடைத்தது. அதன்பின் சரிவு. ஜப்பான், தென்கொரியா முதலிய நாடுகள் தொழில்முறைப் பயிற்சியையும் இளைஞர் திட்டங்களையும் வளர்த்தபோது இந்தியா பின்தங்கியது. ஐதராபாத்தின் வீழ்ச்சி இன்னும் வேகமாக நிகழ்ந்தது. நல்ல வீரர்கள் கல்கத்தாக் கழகங்களுக்குச் செல்வது ரஹீமின் காலத்திலேயே தொடங்கியிருந்தது; பலராமனே 1957 இல் கிழக்கு வங்காள அணிக்குச் சென்றவர்தான். போனவர்களின் இடத்தை நிரப்பப் புதியவர்களைப் பள்ளிகளிலிருந்து கொண்டுவரும் ஆற்றல் ரஹீமிடம் இருந்தது. இவருக்குப் பின் அவ்வேலையை எவரும் அதே முறையில் தொடரவில்லை. காவல்துறை அணி 1963 இல் மீண்டும் ரோவர்ஸ் கோப்பையை வென்றது; எனினும் பழைய நிலையை எட்டவில்லை.

பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியர் விருது 1985 இல்தான் ஏற்படுத்தப்பட்டது. ரஹீமின் பணி பொதுமக்களிடையே ஏறத்தாழ மறக்கப்பட்டிருந்தது. அமித் சர்மா இயக்கத்தில் அஜய் தேவ்கன் ரஹீமாக நடித்த மைதான் என்ற இந்தித் திரைப்படம் 2024 ஏப்ரலில் வெளிவந்தது, ஏ. ஆர். ரகுமான் இசையமைத்தார். திரைப்படத்துக்குரிய கற்பனைகள் அதில் கலந்துள்ளதால் வரலாற்றுச் செய்திகளுக்கு அதை மட்டும் சார்ந்திருப்பது தகாது.

குடும்பம்

ரஹீமின் மகன் சையத் சாகித் ஹக்கீம் (1939 - 2021) கால்பந்து வீரர். இந்திய வான்படையில் அலுவலராகப் பணியாற்றியவர். பன்னாட்டு நடுவராகவும் பயிற்சியாளராகவும் விளங்கினார். 2017 இல் தியான்சந்த் விருது பெற்றார். 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் ஹக்கீம் இடம்பெற்றிருந்தார். அவ்வணியின் பயிற்சியாளர் அவருடைய தந்தை. இந்தியா ஆடிய மூன்று ஆட்டங்களில் ஒன்றில்கூட ரஹீம் தம் மகனைக் களமிறக்கவில்லை.